காலையில் மூன்றாவது அமுக்கலுக்குத்தான் எழுகிறது: பார்ட்ஸை மாற்றவா, பெட்டியையே மாற்றவா?

16.11.2025, ஞாயிறு இரவு

கடைக் கம்ப்யூட்டர் 2013 தீபாவளிக்கு வாங்கியது. இன்டெல் ஐ5-3470, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டப்பா). ஊர் கோத்தகிரி. ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், இதுதான் பிழைப்பு.

பத்து நாளாக ஒரு வியாதி. காலையில் பட்டனை அமுக்கினால் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அமுக்கினால் மறுபடி அதே. மூன்றாவதோ நான்காவதோ அமுக்கும்போது எழுந்துவிடும். எழுந்தபின் ராத்திரி எட்டு மணி வரை ஒரு குறையும் இல்லை.

உள்ளூரில் ஒருவரிடம் காட்டினேன். மூடியைக் கழற்றாமலே "போர்டு போச்சு, இந்த மாடலுக்கு இனி போர்டு கிடைக்காது, புதுசு எடுத்துடுங்க" என்றார். புதுசுக்கு முப்பத்தெட்டாயிரம் சொன்னார். பன்னிரண்டு வருஷப் பெட்டிக்கு இனிமேல் செலவு செய்யலாமா, கூடாதா? அனுபவப்பட்டவர்கள் கீழே பதில் எழுதுங்கள், நடப்பதை இங்கேயே தேதி போட்டு எழுதுகிறேன்.

17.11.2025, காலை 9.40

இன்று நான்கு அமுக்கல்.

ராமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொன்னவர்கள் மூன்று பேர். தேய்த்தாயிற்று. ஹீட்சிங்க் மேல் படிந்திருந்ததைப் பார்த்தால் டஸ்ட் டீ விளைகிற மாவட்டம் என்பது தெரியும், நாலு பேருக்கு டீ போடலாம். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பெட்டி சுத்தமாகிவிட்டது, வியாதி அப்படியேதான் இருக்கிறது.

17.11.2025, இரவு

பதில் எழுதியவர்களில் கூடலூர் அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி. "மதியம் அணைத்துவிட்டு உடனே போட்டால் எழுகிறதா?" எழுகிறது, முதல் அமுக்கலிலேயே. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தால்தான் இந்த நாடகம். கடைக்குத் தகரக் கூரை. மழைக் காலத்தில் காலை ஏழு மணிக்கு உள்ளே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும். நானே இரண்டாவது டீக்கு அப்புறம்தான் மனுஷன், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

18.11.2025

பக்கத்து பியூட்டி பார்லர் அக்காவிடம் ஹேர் டிரையர் வாங்கிப் பெட்டிக்குள் ஐந்து நிமிஷம் சூடு காட்டினேன். முதல் அமுக்கலில் எழுந்தது! "தம்பி, ஸ்ட்ரெய்ட்டனிங்கும் பண்ணிவிடவா?" என்று கேட்டுவிட்டு டிரையரை வாங்கிப் போனார் அக்கா.

ஆக, போர்டு இல்லை. எஸ்எம்பிஎஸ்தான். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் (கரண்ட்டைத் தேக்கிவைத்துக் கொடுக்கும் சின்ன உருளைகள்) ஒரு திரவம் இருக்கிறது. வருஷக்கணக்கில் சூட்டில் வேலை செய்து அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிடும். வற்றியதில் மிச்சம் இருப்பதும் குளிரில் மந்தமாகிவிடும். கொஞ்சம் சூடேறினால் பழையபடி வேலை செய்யும். நம்ம ஊர்க் காலைக் குளிர்தான் வியாதியை வெளியே காட்டுகிறது. கீழே கோயம்புத்தூரில் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் தெரியாமலே ஓடியிருக்கும்.

19.11.2025

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். கொடைக்கானல் டீச்சர் ஒரே வரியில் கேட்டார்: "போர்டிலும் கெப்பாசிட்டர் இருக்கிறதே, அதற்கும் சேர்த்துத்தானே சூடு காட்டினீர்கள்?" ஆமாம். டிரையர் காற்று எல்லாவற்றின் மேலும்தான் பட்டது. போர்டு போச்சு என்றவர் சொன்னது பொய் என்று நான் நிரூபிக்கவே இல்லை.

அவரே வழியும் சொல்லியிருக்கிறார். நாளை பார்க்கிறேன்.

21.11.2025, வெள்ளி

பார்த்தாயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் ராத்திரி கடை சாத்தும்போது எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கழற்றினேன். நான்கு ஸ்க்ரூ. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படி மேடையில், அடுப்பிலிருந்து தள்ளி, சுவரோரமாக வைத்தேன். போர்டும் மற்றதும் கடையிலேயே குளிரில் கிடந்தன. அம்மா காலையில் காபி போட வந்தவர், "இது என்னடா, பிரசவம் ஆன மாதிரி துண்டெல்லாம் சுத்தி வெச்சிருக்கே" என்றார். துண்டோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

கடையில் மாட்டி அமுக்கினேன். குளிர்ந்த போர்டு, வெதுவெதுப்பான எஸ்எம்பிஎஸ். முதல் அமுக்கல். எழுந்தது.

சந்தேகம் தீர, இன்று காலை மாற்றிச் செய்தேன். எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டேன். வெறும் பெட்டியைப் போர்த்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன் (கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் போட்டுவிட்டார்). ஐந்து அமுக்கல்.

கூடலூர் அண்ணன் சொன்னபடி மல்டிமீட்டரும் வைத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஊதா வயர் ஒன்று உண்டு. பெட்டி அணைந்திருந்தாலும் ப்ளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கம் போகட்டும், 4.75-க்குக் கீழே போகக் கூடாது. காலை 7.20-க்கு 4.4. மதியம் 4.9. டார்ச் அடித்துக் காற்று ஓட்டை வழியாகப் பார்த்தால் ஒரு கெப்பாசிட்டரின் தலை பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது.

"நீங்களே திறந்து கெப்பாசிட்டரை மாற்றலாமே, பத்து ரூபாய்தானே" என்ற மதுரைத் தம்பிக்கு: வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலேகூடத் தங்கியிருக்கலாம். சால்டரிங் கை பழகியவர் செய்யட்டும், நான் செய்ய மாட்டேன்.

21.11.2025, இரவு

அதே மதுரைத் தம்பி: மலையில் காற்று குறைவு, அதனால் விசிறி வேலை செய்யாது, அதனால்தான் பார்ட்ஸ் போகிறது என்கிறார். பாதி உண்மை. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் காற்றே ஜில்லென்று வரும்போது அந்தக் குறை தெரியாது. மே மாதம் மதுரையில் உங்கள் பெட்டி என்ன பாடு படும் என்பதை நினைத்தால் எனக்குத்தான் பாவமாக இருக்கிறது.

23.11.2025, ஞாயிறு

இப்போது அசல் கேள்வி. எஸ்எம்பிஎஸ் என்று தெரிந்துவிட்டது. அதற்காக அதை மாற்றிச் செலவு செய்யலாம் என்று ஆகிவிடுமா?

புதுசே வாங்கு என்கிற எதிர்க்கட்சியின் வாதம் பலமானது. வின்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். வின்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். என்னுடையது மூன்றாம் தலைமுறை. போர்டோ ராமோ போனால் பழைய சாமான் கடைதான் கதி.

என் பக்கம் இரண்டு காரணங்கள். ஒன்று பேஜ்மேக்கர், பக்கம் வடிவமைக்கும் பழைய சாஃப்ட்வேர். பன்னிரண்டு வருஷக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி எல்லாம் பாமினி எழுத்துருவில் அதற்குள் இருக்கின்றன. "போன தடவை அடிச்ச மாதிரியே, பேரை மட்டும் மாத்துங்க" என்று வருகிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

இரண்டாவது மச்சானின் இலைக் கணக்கு. மச்சான் பச்சைத் தேயிலை ஏஜென்ட். வின்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ப்ரோகிராம் ஒன்றில்தான் யார் எத்தனை கிலோ இலை போட்டார்கள், முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது. சீட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், கார்பன் வைத்து மூன்று பிரதி. அந்தப் பிரிண்டரின் வயர் இந்தப் போர்டின் பின்னால் இருக்கும் அகலமான பேரலல் போர்ட்டில்தான் மாட்டும். இப்போது வருகிற போர்டுகளில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ப்ரோகிராமுக்கு 32 பிட் வின்டோஸ் வேண்டும். வின்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அது நேரடியாக ஓடவும் ஓடாது.

எனவே என் கணக்கு இப்படி: இந்த சாமான் அடுத்த பெட்டிக்கும் ஏறுமா? எஸ்எம்பிஎஸ் ஏறும். எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும் சுற்றாத டிஸ்க்) ஏறும். மானிட்டர், யூபிஎஸ் ஏறும். இதிலிருக்கும் பழைய வகை டிடிஆர்3 ராம் ஏறாது, இந்தப் போர்டுக்கான எதுவும் ஏறாது. ஏறுவதற்குக் கொஞ்சம் நல்லதாகவே செலவு செய்யலாம். ஏறாததற்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது.

24.11.2025

ஒரு திருத்தம், வெட்கத்தோடு. முதல் நாள் 8 ஜிபி ராம் என்று எழுதினேன். இருப்பது எட்டுதான். ஆனால் மச்சானின் ப்ரோகிராமுக்காக நான் போட்டிருப்பது 32 பிட் வின்டோஸ், அதற்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. உள்ளே போய்ப் பார்த்தால் "பயன்படுத்தக்கூடியது 3.4" என்று காட்டுகிறது. மிச்சம் நாலரை ஜிபி பல வருஷமாக வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. ராமை 16 ஆக்கச் சொன்ன அன்பர்களுக்கு நன்றி.

29.11.2025, சனி

கோயம்புத்தூர் காந்திபுரம் போய் வந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே ரோட்டில் மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். வடகிழக்கு மழைக்கு இந்த ரோட்டில் இது வழக்கம்தான்.

கடையில் 450 வாட் ஸ்டிக்கர் ஒட்டியது எழுநூறு ரூபாயிலிருந்து இருக்கிறது. நான் எடுத்தது கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் சான்று உள்ளது, மூன்று வருஷ வாரண்டி, இரண்டாயிரத்து நானூறு. எழுநூறு ரூபாய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஊருக்கு வந்ததும் மச்சானின் இலைத் தராசில் இரண்டையும் போட்டேன். பழையது 780 கிராம். புதியது ஒன்றே முக்கால் கிலோ. எடையை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்ய முடியாது, தெரியும். ஆனால் ஒரு கிலோ வித்தியாசம் என்றால் உள்ளே சுருளும் ஹீட்சிங்க்கும் ஏதோ இருக்கின்றன என்றுதானே அர்த்தம். மச்சான் ஈர இலைக்குப் பிடிக்கிற மாதிரியே தண்ணீர்க் கழிவு என்று நூறு கிராம் பிடித்துக்கொண்டார். பழக்க தோஷம்.

30.11.2025, காலை 11

மாட்டினேன். விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் சத்தமும் இல்லை.

30.11.2025, 11.50

ராமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். மானிட்டர் வயர் பார்த்துவிட்டேன். போர்டு போச்சு என்றவரின் முகம் கண்முன் வந்து வந்து போகிறது.

30.11.2025, மதியம் 1.15

ப்ராசஸருக்குப் பக்கத்தில் நான்கு பின் கனெக்டர் ஒன்று தனியாக இருக்கிறது. ப்ராசஸருக்கான 12 வோல்ட் அது வழியாகத்தான் போகும். நான் அதை மாட்டவே இல்லை. பெரிய 24 பின்னை மாட்டியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். விசிறி சுற்றும், விளக்கு எரியும், ப்ராசஸர் மட்டும் பட்டினி.

யாரும் சிரிக்க வேண்டாம். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

1.12.2025

ஒரு அமுக்கல்.

5.12.2025

கொடைக்கானல் டீச்சர், உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டருக்கும் இதே வியாதி என்றீர்களே, ஊதா வயரைக் காலையில் முதலில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையே குற்றம் சொல்லவும் வேண்டாம். பட்டனின் ஸ்விட்ச் ஈரத்தில் துருப்பிடித்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே போலத்தான் இருக்கும், ஆனால் அப்போது விசிறி அரைச் சுற்றுக்கூட சுற்றாது.

புதுசே வாங்கிவிடலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு சேதி. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதில் ராம் விலை இரண்டு மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக 3-ஆம் தேதி அறிவித்துவிட்டது. காந்திபுரம் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "சார், காலையில சொன்ன ரேட்டு சாயந்திரம் இல்ல" என்றார். தங்கம் விற்கிறவர் மாதிரி பேசுகிறார்.

9.12.2025

புதுத் தொல்லை. காலையில் திறந்தால் தேதி 2012 ஜனவரி 1. எந்த அரசாங்கத் தளமும் திறக்கவில்லை, "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சிவப்பாகக் காட்டுகிறது. சாதிச் சான்றிதழுக்கு வந்த பெண்மணி அரை மணி நேரம் நின்றார். தேதி தப்பாக இருந்தால் தளங்களின் சான்றிதழ் எல்லாம் "இன்னும் பிறக்காத" சான்றிதழ் ஆகிவிடும், ப்ரவுசர் ஒத்துக்கொள்ளாது.

போர்டில் இருக்கும் காசு மாதிரிப் பேட்டரி, சிஆர்2032. நாற்பது ரூபாய். மாற்றியதும் சரியாகிவிட்டது.

புது எஸ்எம்பிஎஸ் போட்ட அடுத்த வாரமே ஏன் இது வந்தது என்று யோசித்தேன். காரணம் நான்தான். புதுசு ஆயிற்றே, இடி மின்னலில் போய்விடக் கூடாது என்று டிசம்பர் முதல் தேதியிலிருந்து ராத்திரி ப்ளக்கையே பிடுங்கிவிடுகிறேன். முன்பெல்லாம் ப்ளக் மாட்டியே இருக்கும், அந்த ஊதா வயர் கரண்ட்டிலேயே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி எப்போதோ சாகக் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் தொடர்ந்து ப்ளக்கைப் பிடுங்கியதில் மிச்ச உயிரும் போனது, குட்டு உடைந்தது.

14.12.2025, ஞாயிறு

இதற்குள் யாரோ "டிஸ்க்கையும் ஒரு தடவை பாருங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டேன். மஞ்சள் கலரில் எச்சரிக்கை. 05 என்ற வரிசையில் 24, சி5 வரிசையில் 16. அதாவது 24 இடங்களைக் கெட்டுப்போனது என்று டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டது, 16 இடங்கள் சந்தேகத்தில் இருக்கின்றன. சி7 வரிசை எண்ணும் கொஞ்சம் இருந்தது. அது பெரும்பாலும் வயர்க் கோளாறு. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா வயரை மாற்றினேன், அந்த எண் அதோடு நின்றுவிட்டது.

பழைய எஸ்எம்பிஎஸ் எழுதும் நேரத்தில் காலை வாரியதால் வந்த சந்தேகமாகவும் அந்த 16 இருக்கலாம், மறுபடி எழுதினால் சில சரியாகிவிடும் என்று கூடலூர் அண்ணன் சமாதானம் சொல்கிறார். இருக்கட்டும். 24 என்பது சமாதானத்துக்கு அடங்காது. வேறு எந்த வேலையும் பார்க்காமல் முதலில் பேஜ்மேக்கர் கோப்புகளையும் இலைக் கணக்கையும் இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தேன். காப்பி ஆகும்போது 2017 வைகாசி ஃபோல்டரில் ஒரு கோப்பு மட்டும் டிக் டிக் என்று சத்தம் போட்டு, திறக்காமலே போய்விட்டது. யார் பத்திரிகை என்று பார்த்தேன். என்னுடையது.

வீட்டில் இதைச் சொல்லவில்லை.

15.12.2025

எஸ்எஸ்டி வாங்குகிறேன், 256 ஜிபி. ஏறுகிற சாமான். இந்த எச்61 போர்டில் சாட்டா பழைய 3 ஜிகாபிட் வேகம்தான், அதனால் எஸ்எஸ்டி பாதி வேகத்தில் ஓடும், வீண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேகத்தில் உச்சம் பாதிதான், சரி. ஆனால் ஹார்டு டிஸ்க் மந்தமாக இருப்பது அதனால் இல்லை. ஊசி அங்கும் இங்கும் ஓடித் தேடுவதில்தான் நேரம் போகிறது. எஸ்எஸ்டியில் ஊசியே இல்லை.

21.12.2025

போட்டாயிற்று. வின்டோஸ் எழ இரண்டரை நிமிஷம் ஆனது, இப்போது இருபத்திரண்டு வினாடி. இதனால் ஒரு நஷ்டம்: முன்பு அமுக்கிவிட்டுப் போய் டீ சொல்லிவிட்டு வருவேன்.

டாஸ் ப்ரோகிராம்களைப் புது வின்டோஸிலும் ஓட்டும் டாஸ்பாக்ஸில் மச்சானின் ப்ரோகிராமை ஓட்டிப் பார்க்கச் சொன்னவருக்கு: ஓடுகிறது. கணக்கு திறக்கிறது. பிரிண்ட் மட்டும் வரவில்லை. பிரிண்ட் வராத இலைக் கணக்கை மச்சான் கணக்கு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

4.1.2026

மொத்தச் செலவு கேட்டிருந்தீர்கள். எஸ்எம்பிஎஸ் 2,400, பேட்டரி 40, சாட்டா வயர் 80, எஸ்எஸ்டி 2,150, பஸ் சாப்பாடு 310. ஐயாயிரத்துக்குப் பக்கம். முப்பத்தெட்டாயிரத்தோடு ஒப்பிட்டால் லாபம் என்று எழுத நினைத்தேன், அது முழு நேர்மை இல்லை. ஆன்லைன் விண்ணப்ப வேலையை இந்தப் பெட்டியில் இந்த வருஷ அக்டோபருக்கு மேல் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது. ஊரார் ஆதார் எண் எல்லாம் இதில்தான் அடிக்கிறேன். அதற்கு எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள செகண்ட் ஹேண்ட் பெட்டி ஒன்று, ராமோடு சேர்த்து, சித்திரைக்குள் பார்க்க வேண்டும். இது இன்டர்நெட் வயரைக் கழற்றிக்கொண்டு மூலையில் பேஜ்மேக்கரும் இலைச் சீட்டும் அடிக்கட்டும்.

புதுசு வாங்கச் சொன்ன கட்சிக்கு இதில் பாதி வெற்றி. ஒத்துக்கொள்கிறேன்.

18.1.2026, ஞாயிறு காலை

பொங்கலுக்குக் கடை மூடி இன்றுதான் திறந்தேன். வாசலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நான்கு நாள் அப்படியே குளிரில் கிடந்த பெட்டி.

ஒரே அமுக்கல். தேதியும் சரியாக இருக்கிறது.

பழைய எஸ்எம்பிஎஸ் இன்னும் மேஜைக்கு அடியில்தான் கிடக்கிறது. கெப்பாசிட்டர் மாற்றிப் பழக நினைப்பவர் யாராவது இருந்தால், 300 வோல்ட் பற்றி மேலே எழுதியதைப் படித்துவிட்டு, கோத்தகிரி டானிங்டன் பக்கம் வரும்போது எடுத்துப்போகலாம். விசிறி நன்றாக இருக்கிறது. துண்டு மட்டும் தர மாட்டேன், அம்மா கேட்கிறார்.